காற்றோட்டம் குறைந்த அறையில் ரேடான் எவ்வளவு இருக்கும்? பெங்களூரு அடித்தள அறை ஒன்றை வைத்து ஒரு கணக்கு

பெங்களூருவில் அல்சூர்ப் பக்கம் உள்ள ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் சனி, ஞாயிறு மாலைகளில் குழந்தைகளுக்குத் தமிழ் வகுப்பு நடக்கிறது. மாடியில் இருக்கும் கூடம் பிறந்தநாள் விழாக்களுக்கே போய்விடுவதால், அடித்தளத்தில் வாகன நிறுத்துமிடத்தை ஒட்டி இருந்த பழைய சாமான் அறையைக் குடியிருப்போர் சங்கத்தார் ஒழித்துக் கொடுத்தார்கள். அறைக்குச் சன்னல் கிடையாது. ஒரு கதவும், ஒரு மின்விசிறியும், பிற்பாடு வாங்கிப் பொருத்திய ஒரு ஸ்பிளிட் ஏசியும்தான் உண்டு. "இந்த மாதிரி அறையில் ரேடான் தங்கும் என்கிறார்களே, உண்மையா?" என்று பெற்றோர் ஒருவர் கேட்டார். கட்டடங்களின் உள்காற்றை அளப்பது என் தொழில் என்பதால் அந்தக் கேள்வி என்னிடம் வந்து சேர்ந்தது. கல்லிலும் மண்ணிலும் இருந்து வரும் கதிரியக்க வாயுவான ரேடானுக்கு, அந்த அறையை வைத்து நான் போட்ட கணக்கையே படிப்படியாக இங்கே தருகிறேன். பின்தொடர்வதற்கு எளிதாக இருக்கட்டும் என்று அளவுகளை முழு எண்களாக்கியிருக்கிறேன். வேண்டிய சாமான்கள் ஓர் அளவு நாடா, ஒரு கார்பன் டை ஆக்சைடு மீட்டர், ஓர் ஊதுபத்தி, கூட்டல் பெருக்கல் தெரிந்த ஒரு கைப்பேசி, அவ்வளவுதான். ரேடான் மீட்டர் கடைசியில்தான் தேவைப்படும்.

கணக்கில் இறங்குவதற்கு முன்

பாறையிலும் மண்ணிலும் சிறிதளவு யுரேனியம் எப்போதும் இருக்கிறது. அது சிதைந்து சிதைந்து ரேடியம்-226 ஆகிறது. 1,600 ஆண்டு அரை ஆயுள் (பாதியாகச் சிதைய ஆகும் காலம்) கொண்ட அந்த ரேடியம் சிதையும்போது பிறப்பது ரேடான்-222. இந்த வரிசையில் மற்றவை எல்லாம் திண்மங்கள். ரேடான் ஒன்றுதான் வாயு. அதனால்தான் அது கல்லை விட்டு வெளியே வந்து நம் அறைக்குள் நுழைய முடிகிறது. அதன் அரை ஆயுள் 3.82 நாள். நிறமும் மணமும் கிடையாது. ரேடானை நாம் மூச்சில் இழுத்துத் திரும்ப விட்டுவிடுகிறோம். ஆனால் அது சிதைந்து உண்டாகும் பொலோனியம்-218, பொலோனியம்-214 ஆகியவை தூசியில் ஒட்டிக்கொண்டு நுரையீரலில் படிந்து, அங்கேயே ஆல்ஃபா துகளை விடுகின்றன. பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1988-இல் ரேடானை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் தொகுதியில் சேர்த்தது. ஐரோப்பிய ஆய்வுகள் பலவற்றை ஒன்றாகத் தொகுத்து 2005-இல் வெளிவந்த பகுப்பாய்வு, நீண்ட கால சராசரி கன மீட்டருக்கு 100 பெக்கெரல் (இந்த அலகைக் கீழே விளக்குகிறேன்) கூடும்போது நுரையீரல் புற்றுநோய் வாய்ப்பு ஏறத்தாழ 16 விழுக்காடு கூடுகிறது என்று கண்டது. புகைபிடிப்பவருக்கு அடிப்படை வாய்ப்பே பெரிது என்பதால் இந்தக் கூடுதலும் பெரிதாகிவிடுகிறது.

ஒரு வினாடிக்கு ஒரு சிதைவு நடந்தால் அது ஒரு பெக்கெரல். கன மீட்டருக்கு 100 பெக்கெரலுக்குள் வைத்துக்கொள்ளுங்கள், அது இயலாத இடத்தில் 300-ஐத் தாண்டவிடாதீர்கள் என்பது உலக சுகாதார நிறுவனம் 2009-இல் தந்த வழிகாட்டுதல். சில அமெரிக்க மீட்டர்கள் லிட்டருக்குப் பிகோகியூரி என்று காட்டும். அந்த எண்ணை 37-ஆல் பெருக்கிக்கொண்டால் போதும். இனி இந்தக் கட்டுரையில் வெறும் எண்ணாக ரேடான் அளவைச் சொன்னால் அது கன மீட்டருக்கு இத்தனை பெக்கெரல் என்று பொருள்.

கணக்கு ஒன்றும் புதிதல்ல. ஒரு குழாய் தொட்டியை நிரப்புகிறது, இன்னொரு குழாய் காலி செய்கிறது, தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கும் என்று பள்ளியில் போட்ட அதே கணக்குத்தான். நிரப்புபவை மூன்று: சுவரும் தரையும், அடியிலுள்ள மண், தண்ணீர். காலி செய்பவை இரண்டு: வெளியேறும் காற்று, ரேடானின் சொந்தச் சிதைவு. சிதைவினால் குறைவது மணிக்கு 0.00755 பங்கு மட்டுமே. எனவே காலி செய்யும் வேலை கிட்டத்தட்ட முழுவதும் காற்றின் தலையில்தான் விழுகிறது.

நிலைத்த ரேடான் அளவு = (மணிக்கு உள்ளே சேரும் ரேடான் ÷ அறையின் கன அளவு + காற்று மாற்று வீதம் × நுழையும் காற்றில் உள்ள ரேடான்) ÷ (காற்று மாற்று வீதம் + 0.00755)

காற்று மாற்று வீதம் என்பது அறையில் உள்ள காற்று மணிக்கு எத்தனை முறை முழுதாக மாறுகிறது என்பது. இந்தச் சமன்பாட்டில் அது வகுக்கும் இடத்தில் உட்கார்ந்திருப்பதைக் கவனியுங்கள். புதிதாக இந்த வேலைக்கு வருபவர்கள் கிரானைட்டைப் பற்றியே கவலைப்பட்டுக்கொண்டிருப்பார்கள். காற்று மாற்று வீதத்தை மட்டும் "ஒன்று என்று வைத்துக்கொள்வோம்" என்று போகிற போக்கில் எழுதிவிடுவார்கள். நானும் தொடக்கத்தில் அப்படித்தான் எழுதினேன். மூடிய அறை ஒன்றில் என் கணிப்பு உண்மை அளவில் மூன்றில் ஒரு பங்குதான் வந்தது.

முதற்படி: அறையை அளத்தல்

நம் அறை 6 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம். கன அளவு 90 கன மீட்டர். தரை 30 சதுர மீட்டர், மேல்தளம் 30, நான்கு சுவர்களும் சேர்ந்து 66. ஆகக் கான்கிரீட் பரப்பு 126 சதுர மீட்டர். அளக்கும்போதே மண்ணைத் தொடும் சுவர்கள் எவை, தரைக்கு அடியில் மண்ணா அல்லது இன்னொரு தளமா, குழாயும் மின்கம்பிக் குழாயும் சுவரைத் துளைத்துக்கொண்டு வரும் இடங்கள் எவை என்று குறித்துக்கொள்ள வேண்டும். இந்தக் குறிப்பு மூன்றாம் படியில் கைகொடுக்கும்.

இரண்டாம் படி: சுவரும் தரையும் விடும் ரேடான்

பெங்களூரு கல்லின் மேல் உட்கார்ந்திருக்கும் ஊர். லால்பாக்கில் நாம் ஏறி நின்று படம் எடுத்துக்கொள்ளும் பாறை ஏறத்தாழ 300 கோடி ஆண்டு வயதுள்ள தீபகற்ப நைஸ் பாறை. மேற்கே ராமநகரப் பக்கம் போனால் குளோஸ்பேட் கிரானைட். ஆற்று மணல் கிடைப்பது அரிதாகிவிட்டதால், இன்று கான்கிரீட்டில் போகும் ஜல்லியோடு எம்-சாண்டும் இந்தப் பக்கத்துக் கல்லை உடைத்துச் செய்ததே. எனவே கட்டடத்தின் ரேடியத்தைத் தீர்மானிப்பது கல் குவாரி என்று சொன்னால் மிகையில்லை.

கான்கிரீட்டின் ஒரு சதுர மீட்டர் மணிக்கு எத்தனை பெக்கெரல் ரேடானை விடும் என்பதை ஐந்து எண்களின் பெருக்கலாகக் காணலாம்: கிலோவுக்கு உள்ள ரேடியம், சிதைவு மாறிலி (மேலே கண்ட 0.00755), பிறந்த ரேடானில் கல்லின் நுண்துளைக்குத் தப்பி வரும் பங்கு, அடர்த்தி, தடிமனில் பாதி. இருபுறமும் ரேடான் வெளியேறுவதால்தான் பாதித் தடிமன். கிலோவுக்கு 40 பெக்கெரல் ரேடியம், தப்பும் பங்கு 10 விழுக்காடு, கன மீட்டருக்கு 2,400 கிலோ அடர்த்தி, 15 செ.மீ. தடிமன் என்று எடுத்துக்கொண்டால், 40 × 0.00755 × 0.1 × 2,400 × 0.075 = ஏறத்தாழ 5.4. இதை 126-ஆல் பெருக்கினால் மணிக்கு 680 பெக்கெரல்.

இப்போது எல்லாரும் அஞ்சும் கிரானைட் தரைக்கு வருவோம். கல்லின் ரேடியத்தை இருமடங்காக, கிலோவுக்கு 80 என்றே வைத்துக்கொள்ளுங்கள். பலகையின் தடிமன் 18 மி.மீ.; அதிகபட்சமாகவே இருக்கட்டும் என்று முழுத் தடிமனிலிருந்தும் ரேடான் மேற்புறமே வருவதாகக் கொள்வோம். 80 × 0.00755 × 0.1 × 2,700 × 0.018 = 2.9. முப்பது சதுர மீட்டருக்கு 88 பெக்கெரல். கான்கிரீட் தரும் 680-க்கு முன்னால் இது கறிவேப்பிலை அளவு. சமையலறை மேடையைப் பெயர்த்துவிடலாமா என்று கேட்பவர்களுக்கு நான் இந்தப் பெருக்கலைத்தான் போட்டுக் காட்டுவது வழக்கம். சாம்பல் செங்கல்லைப் பற்றியும் இதே அச்சம் உண்டு. அனல்மின் நிலையச் சாம்பலில் ரேடியம் கூடுதல்தான். ஆனால் சாம்பல் துகள்கள் கண்ணாடி போல் உருகி இறுகியவை என்பதால் தப்பும் பங்கு மிகக் குறைவு, இரண்டும் ஏறத்தாழ ஈடாகிவிடும்.

மூன்றாம் படி: மண்

மண் துகள்களுக்கு இடையே உள்ள காற்றில் ரேடான் ஆயிரக்கணக்கில் சேர்ந்து நிற்கும். உலக மண்ணின் நடுத்தர ரேடிய அளவான கிலோவுக்கு 35 பெக்கெரலையே எடுத்துக்கொள்வோம். தப்பும் பங்கு 20 விழுக்காடு, துகள் அடர்த்தி 2,650, இடைவெளி 35 விழுக்காடு. 35 × 0.2 × 2,650 × 0.65 ÷ 0.35 என்று போட்டால் 34,000-க்குச் சற்று மேலே வருகிறது. வெளிக்காற்றில் இருப்பதோ 10 அளவில். அதாவது நம் காலடியில் ஒரு மீட்டர் ஆழத்தில் இருக்கும் காற்று, தலைக்கு மேலே இருக்கும் காற்றைவிட மூவாயிரம் மடங்கு ரேடான் கொண்டது. இந்த மண்காற்று ஒரு மணி நேரத்தில் 100 லிட்டர், அதாவது ஐந்து தண்ணீர் கேன் அளவு, விரிசல் வழியே உள்ளே வந்தால் போதும். மணிக்கு 3,400 பெக்கெரல் சேர்ந்துவிடும். நான்கு சுவரும் மேல்தளமும் தரையும் கிரானைட்டும் சேர்ந்து தருவதைப் போல் நான்கு மடங்குக்கு மேல்.

அந்த 100 லிட்டர் ஏன் உள்ளே வருகிறது? அறையின் காற்றழுத்தம் மண்ணின் காற்றழுத்தத்தைவிட மயிரிழை குறைவாக இருந்தாலே வரும். பெங்களூருவில் டிசம்பர் இரவு வெளியே 15 டிகிரியும் கட்டடத்துக்குள் 24 டிகிரியும் இருக்கும்போது, 12 மீட்டர் உயர லிஃப்ட் குழி ஒரு புகைபோக்கி போல் வேலை செய்கிறது. அடிக்கும் முடிக்கும் இடையே ஏறத்தாழ 4 பாஸ்கல் வேறுபாடு உண்டாகி, அதில் பாதியளவு அடித்தளத்தில் உறிஞ்சலாக வெளிப்படும். மழைக்காலத்திலும் வேறு விதமாக இதுவே நடக்கிறது: வெளியே மண் நனைந்து மேற்பரப்பு அடைபட்டுவிடுவதால், மண்காற்று கட்டடத்துக்கு அடியில் உள்ள உலர்ந்த மண்ணைத் தேடி ஒதுங்கி அங்கிருந்து மேலே வருகிறது.

மண்காற்று நுழையும் வழியைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டியதில்லை. ஏசியையும் மின்விசிறியையும் அணைத்துக் கதவைச் சாத்திவிட்டு, பத்து நிமிடம் காற்று அடங்கும்வரை காத்திருந்து, ஓர் ஊதுபத்தியைக் கொளுத்திச் சுவரோரமாக மெதுவாகக் கொண்டுபோனேன். மூன்று பக்கம் புகை நூல் பிடித்தாற்போல் நேராக மேலே போயிற்று. நான்காவது மூலையில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், மின்கம்பிக் குழாய் மண் பக்கத்துச் சுவரைத் துளைத்து வரும் இடத்தில், புகை சட்டென்று அறையின் நடுப்பக்கமாகச் சாய்ந்தது. குழாயைச் சுற்றி விரல் நுழையும் இடைவெளி. அதில் சிமெண்ட் பூசாமல் பழைய செய்தித்தாளைச் சுருட்டி அடைத்திருந்தார்கள்.

நான்காம் படி: காற்று மாற்று வீதத்தை அளத்தல்

இந்தப் படியை ஊகமாக விட்டுவிடக் கூடாது. அறைக்குள் ஏசி ஓடுகிறதே, காற்று மாறத்தானே செய்யும் என்று நினைப்பவர்கள் பலர். ஸ்பிளிட் ஏசி உள்ளே இருக்கும் காற்றையே திரும்பத் திரும்பக் குளிர்விக்கிறது. வெளிக்காற்றை அது கொண்டுவருவதே இல்லை. சொல்லப்போனால், ஏசி வாங்கிய பிறகு கதவைச் சாத்தி வைக்கத் தொடங்குவதால் காற்று மாற்றம் குறைகிறது. சன்னலைத் திறந்து வைத்த வீட்டில் மணிக்கு மூன்று, ஐந்து முறைகூடக் காற்று மாறும். இறுக்கமாக மூடிய அறையில் அது 0.1 வரை இறங்கும். முப்பது மடங்கு வேறுபாடு உள்ள ஒரு எண்ணை ஊகிப்பதில் பொருளில்லை.

அளக்கும் வழி எளிது. மனிதர் விடும் மூச்சில் உள்ள கார்பன் டை ஆக்சைடே நமக்கு அடையாள வாயு. வகுப்பு முடிந்து பிள்ளைகள் கிளம்பியதும் கதவைச் சாத்தி, மின்விசிறியை மட்டும் மெதுவாக ஓடவிட்டு, மீட்டரைப் பார்த்தேன்: 2,820 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு). (பாடம் நடக்கும்போது பிள்ளைகள் கொட்டாவி விட்டதற்கு இலக்கணம் மட்டும் காரணமல்ல என்று அப்போது தெரிந்தது.) அதே மீட்டர் வெளியே காட்டியது 420. ஆகக் கூடுதல் 2,400. இரண்டு மணி நேரம் கழித்து உள்ளே 1,620, அதாவது கூடுதல் 1,200. சரியாகப் பாதி. கூடுதல் பாதியாகக் குறைய எத்தனை மணி நேரம் ஆகிறதோ, அதைக் கொண்டு 0.693-ஐ வகுத்தால் காற்று மாற்று வீதம் கிடைக்கும். 0.693 ÷ 2 = 0.35. பாதிக்குக் காத்திருக்க நேரம் இல்லையென்றால், தொடக்கக் கூடுதலை இறுதிக் கூடுதலால் வகுத்து, அதன் இயல் மடக்கையை மணி நேரத்தால் வகுக்கலாம்.

இதில் இரண்டு எச்சரிக்கைகள். பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே இருப்பதால், அகச்சிவப்பு முறையில் இயங்கும் மீட்டர்கள் அழுத்தத் திருத்தம் செய்யாவிட்டால் சற்றுக் குறைத்துக் காட்டும். வெளிக்காற்றையும் அதே மீட்டரால் அளந்து கழித்துக்கொண்டால், விகிதம்தான் நமக்கு வேண்டியது என்பதால், அந்தப் பிழை தானே அடிபட்டுப் போகும். இரண்டாவது, அளக்கும் ஆள் அறைக்குள் உட்கார்ந்திருக்கக் கூடாது. மீட்டரை உள்ளே வைத்துவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். பதிவு செய்யும் வசதி இல்லாத மீட்டராக இருந்தால் கைப்பேசியை அதன் முன்னால் நிறுத்திப் படம் எடுக்கவிட்டாலே போதும்.

ஐந்தாம் படி: கூட்டி வகுத்தல்

680, 88, 3,400 மூன்றையும் கூட்டினால் மணிக்கு 4,168 பெக்கெரல். 90-ஆல் வகுத்தால் 46.3. நுழையும் காற்றில் 10 என்று எடுத்துக்கொண்டு 0.35 காற்று மாற்றத்துக்குச் சமன்பாட்டில் போட்டால் 139 வருகிறது. இதே அறை 0.1 அளவுக்கு இறுக்கமாக இருந்திருந்தால் 440. மணிக்கு ஒருமுறை காற்று மாறினால் 56. மூன்று முறை மாறினால் 25. கல்லும் மண்ணும் அப்படியே இருக்க, கதவு ஒன்றே இத்தனை வேறுபாட்டையும் செய்கிறது.

அதே அறையைத் தூக்கி மூன்றாவது மாடியில் வைத்து மண்ணின் 3,400-ஐ நீக்கிவிட்டால், 0.35-இல் 34 தான் வருகிறது, 0.1-இல்கூட 88. மாடி வீடுகளில் இருப்பவர்கள் பெரும்பாலும் ஏன் கவலைப்பட வேண்டியதில்லை என்பதற்கு இதுவே விடை. தனி வீட்டின் தரைத்தளம், அடித்தள அலுவலகம், உடற்பயிற்சிக் கூடம், சர்வர் அறை, வாகன நிறுத்துமிடத்துக் காவலர் அறை ஆகியவற்றையே நான் கணக்குப் போட வேண்டியவையாகக் கருதுகிறேன். பல வாகன நிறுத்துமிடங்களில் விசிறிகளை வாகனப் புகையை உணரும் கருவிகள்தான் ஓட்டுகின்றன. வண்டி ஓடாத பின்னிரவில் அவை ஓய்ந்துவிடுகின்றன என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

139 என்று ஒற்றை எண்ணைச் சொல்லிவிட்டு எழுந்துவிடுவது நேர்மையாகாது. மண்காற்று 100 லிட்டர் என்பது நாம் வைத்துக்கொண்டது. அதை 20 லிட்டர் என்று வைத்தால் 55, 500 லிட்டர் என்று வைத்தால் 560. எனவே கணிப்பை "55-க்கும் 560-க்கும் இடையே, நடுவில் 140 வாக்கில்" என்றுதான் எழுத வேண்டும். இவ்வளவு அகலமான விடையால் என்ன பயன் என்று கேட்கலாம். கீழ் எல்லையும் மேல் எல்லையும் 100-க்குக் கீழேயே விழுந்தால் கருவிக்குச் செலவு செய்யாமல் விட்டுவிடலாம். இரண்டும் 300-க்கு மேலே விழுந்தால் உடனே காற்றோட்டத்துக்கு ஏற்பாடு செய்யலாம். நம் அறையைப் போல் 100-ஐயும் 300-ஐயும் தாண்டி இருபுறமும் விழுந்தால் அளந்தே ஆக வேண்டும்.

ஆறாம் படி: எவ்வளவு நேரத்தில் ஏறும்

மேலே வந்த எண்கள் எல்லாம் அறை நெடுநேரம் ஒரே நிலையில் இருந்தால் வருபவை. 1-ஐ (காற்று மாற்று வீதம் + 0.00755)-ஆல் வகுத்தால் ஒரு நேர அளவு கிடைக்கும், அதைப்போல் மூன்று மடங்கு நேரத்தில் ரேடான் தன் நிலைத்த அளவில் 95 விழுக்காட்டை எட்டிவிடும். நம் அறைக்கு அது 2.8 மணி, ஆக எட்டரை மணி நேரத்தில் ஏறத்தாழ முழு அளவு. இரவு 10 மணிக்கு 25-இல் தொடங்கிக் கதவைச் சாத்தினால் காலை 6 மணிக்கு 132. காலையில் கதவை விரியத் திறந்து அரை மணி நேரம் விசிறியால் காற்றைத் தள்ளினால் 30-க்குக் கீழே வந்துவிடும். ஆகவே பகலில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் மீட்டரைக் காட்டிவிட்டு, "ஒன்றும் இல்லை" என்று சொல்லிப் போகிறவரிடம் கவனமாக இருங்கள்.

ஏழாம் படி: கருவியை வைத்துக் கணக்கைத் திருத்துதல்

நீண்ட கால சராசரி வேண்டுமானால் படல முறை சிறந்தது. பாபா அணு ஆராய்ச்சி மையத்தார் வடிவமைத்த ஊசித்துளைக் குப்பியில் எல்ஆர்-115 என்னும் படலத்தை வைத்து, ஏறத்தாழ 90 நாள் தொங்கவிட்டு, பிறகு காரக் கரைசலில் அரித்து, ஆல்ஃபா துகள் துளைத்த தடங்களை எண்ணுவார்கள். நமக்கு உடனடித் தேவை கணக்கைத் திருத்துவதுதான் என்பதால், மணிக்கு மணி பதிவு செய்யும் மின்னணு மீட்டரை ஒரு வாரம் வைத்தேன். தரையிலிருந்து ஒன்று முதல் ஒன்றரை மீட்டர் உயரம், ஏசிக் காற்று நேராக அடிக்காத இடம், சுவரிலிருந்து குறைந்தது ஒரு முழம் தள்ளி. சுவரை ஒட்டி வைத்தால் 56 வினாடியே அரை ஆயுள் கொண்ட தோரான் என்னும் உறவுக்கார வாயுவும் சேர்ந்துகொண்டு எண்ணைக் குழப்பும். குறுகிய கால அளவீடு என்றால், தொடங்குவதற்கு 12 மணி நேரம் முன்பிருந்தே அறையை மூடி வைக்க வேண்டும்.

மூடிய நிலையில் மீட்டர் 230-இல் நின்றது. கணித்த எல்லைக்குள்தான், ஆனால் நடுவைவிட மேலே. இப்போது சமன்பாட்டைத் திருப்பிப் போடலாம்: 230 × 0.35755-இலிருந்து 3.5-ஐக் கழித்தால் 78.7, அதை 90-ஆல் பெருக்கினால் மணிக்கு 7,090 பெக்கெரல். சுவர், தரைக்குரிய 768-ஐக் கழித்தால் எஞ்சுவது 6,320. மண்காற்று மணிக்கு ஏறக்குறைய 186 லிட்டர் என்று ஆகிறது. ஊகமாக எழுதிய 100 லிட்டரின் இடத்தில் இனி இந்த எண் உட்காரும். இதை வைத்துச் செய்யும் கணிப்புகளுக்கு மதிப்பு உண்டு.

எட்டாம் படி: யார், எத்தனை மணி நேரம்

அளந்துகொண்டிருந்த வாரத்தில்தான் தெரியவந்தது, இரவுக் காவலர் அந்த அறையில் படுக்கிறார் என்பது. தருமபுரிப் பக்கத்துக்காரர். கதவைத் திறந்து வைத்துப் படுப்பீர்களா என்று கேட்டேன். "எங்கண்ணே, கொசு பிச்சி எடுத்துரும். இறுக்கச் சாத்திட்டு, அடியில சாக்கு ஒண்ணு வச்சுருவேன்" என்றார்.

பிள்ளைகள் வாரத்துக்கு 4 மணி நேரம் வருகிறார்கள். ஆண்டுக்கு 200 மணி நேரம். அவரோ இரவுக்கு 8 மணி நேரம் என்று 300 இரவுக்கு 2,400 மணி நேரம். ரேடான் அளவை 0.4 என்னும் சமநிலைக் காரணியாலும் (ரேடான் சிதைந்து பிறப்பவை காற்றில் எவ்வளவு தங்குகின்றன என்பதற்கான எண்), மணி நேரத்தாலும், கதிர்வீச்சளவாக மாற்றும் எண்ணான 0.000009-ஆலும் பெருக்கினால், உடல் பெறும் ஆண்டுக் கதிர்வீச்சளவு மில்லிசீவர்ட் என்னும் அலகில் வரும். 230-க்குப் பிள்ளைகளுக்கு 0.17, காவலருக்கு 2. உலக மனிதர் ஒருவர் எல்லா இயற்கை வழிகளிலும் சேர்த்துப் பெறும் ஆண்டுச் சராசரி 2.4. கேள்வி கேட்டது பிள்ளைகளின் பெற்றோர். விடை தேவைப்பட்டதோ யாரும் கேட்காத ஒருவருக்கு. அந்தச் சாக்கு வைத்த கதவுக்கு 0.35 என்பதுகூடத் தாராளம். எனவே அறையைப் பயன்படுத்துவோர் பட்டியலைச் சங்கத்தின் பதிவேட்டிலிருந்து எடுக்காமல், இரவு ஒருமுறை நேரில் போய்ப் பார்த்து எழுதுவது நல்லது.

ஒன்பதாம் படி: விசிறியின் அளவு, விசிறியின் திசை

100-க்குக் கொண்டுவர எத்தனை காற்று மாற்றம் வேண்டும்? (78.7 − 0.00755 × 100) ÷ (100 − 10) = 0.87. இதை 90-ஆல் பெருக்கினால் மணிக்கு 78 கன மீட்டர். விசிறிப் பெட்டியில் எழுதியிருக்கும் கணக்கில் 46 சிஎஃப்எம் (நிமிடத்துக்கு இத்தனை கன அடி). நாலங்குலக் குழாய் விசிறி ஒன்று தாராளமாகச் செய்யும் வேலை.

சங்கத்து எலக்ட்ரீஷியன் எக்ஸாஸ்ட் விசிறி போடலாம் என்றார். சன்னல் இல்லாத அடித்தள அறையில் எக்ஸாஸ்ட் விசிறி மட்டும் போட்டால் அறையின் அழுத்தம் குறையும். வெளியே போன காற்றின் இடத்தை நிரப்பக் கதவிடுக்கு வழியாகக் கொஞ்சமும், அந்தச் செய்தித்தாள் அடைத்த ஓட்டை வழியாகக் கொஞ்சமும் காற்று வரும். மண்காற்றை நாமே பணம் கொடுத்து வரவழைப்பது போல் ஆகிவிடும். காற்றை உள்ளே தள்ளும் விசிறிதான் இங்கே தேவை. கோலார் தங்கவயலின் சுரங்கத் தொழிலாளர் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள் நம் குடியிருப்புகளில் நிறைய இருக்கிறார்கள். சுரங்கத்துக்குள் காற்றை இறக்குவதன் அருமை அவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

முதலில் மின்கம்பிக் குழாயைச் சுற்றிய ஓட்டையைச் சுருங்காத சிமெண்ட் கலவையால் அடைத்தோம். அடைப்பினால் குறைவதை இலாபமாக விட்டுவிட்டு, அடைக்காத நிலைக்கே கணக்கை வைத்துக்கொண்டேன். விசிறியைக் கதவுக்கு மேலே பொருத்தி, காற்று மாற்றத்தைப் பழையபடியே கார்பன் டை ஆக்சைடால் அளந்தேன், 0.87 வந்தது. ஓட்டையையும் அடைத்திருப்பதால் 100-க்கு நன்றாகவே கீழே வரும் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். மீட்டர் பகலெல்லாம் 80 வாக்கில் இருந்தது. ஆனால் சில நாள்களில் விடியற்காலை 5 மணிக்கு ஏறத் தொடங்கி, 7 மணிக்கு 170-ஐத் தொட்டுவிட்டுத் திரும்ப இறங்கியது.

சமன்பாட்டில் நுழையும் காற்றின் ரேடான் என்று ஓர் உறுப்பு இருக்கிறதல்லவா, அதில் நான் 10 என்று எழுதியிருந்தேன். விசிறி காற்றை எடுத்ததோ வெளியிலிருந்து அல்ல, வாகன நிறுத்துமிட நடையிலிருந்து. அந்த நடையில் நாலடி தள்ளி இருக்கிறது சம்ப், அதாவது நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி. காவிரித் தண்ணீர் வராத நாள்களில் விடியற்காலை 5 மணிக்குப் போர்வெல் மோட்டாரைப் போடுகிறார்கள். பாறைக்குள் பல நூறு அடி ஆழத்திலிருந்து வரும் நீரில் ரேடான் கரைந்திருக்கும். காவிரி போன்ற ஆற்று நீரில் அது தங்குவதில்லை. லிட்டருக்கு 50 பெக்கெரல் என்றே வைத்துக்கொண்டாலும், 6,000 லிட்டர் நீர் மேலிருந்து சம்ப்பில் விழும்போது பாதி ரேடான் கழன்றால், இரண்டு மணி நேரத்தில் 1,50,000 பெக்கெரல் அந்த மூடியின் இடுக்கு வழியாக வெளியே வரக் காத்திருக்கிறது. வீட்டுக்குள் புழங்கும் தண்ணீருக்கு, நீரில் உள்ளதில் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான் அறைக்காற்றில் சேரும் என்பது நடைமுறைக் கணக்கு. அந்தப் பழக்கத்தில் தண்ணீரைப் பொருட்படுத்தாமல் விட்டிருந்தேன். சம்ப் அறைக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. நடைக்காற்றில் 100 இருந்தாலே, விசிறி அதை உள்ளே தள்ளி அறையின் அளவை 90 கூட்டிவிடும் என்று சமன்பாடு சொல்கிறது. மீட்டர் காட்டியதும் அதைத்தான்.

விசிறியின் வாயில் நாலங்குலப் பிவிசி குழாய் ஒன்றை மாட்டி, வாகனச் சரிவை ஒட்டித் தரைமட்டத்துக்கு மேலே ஆறடி உயரத்தில், மழையும் எலியும் நுழையாதபடி வளைத்து வலை கட்டிவிட்டோம். சம்ப் மூடிக்கு ரப்பர் விளிம்பு ஒட்டியாயிற்று. நீண்ட குழாய் விசிறியின் வேகத்தைக் குறைக்கும் என்பதால் காற்று மாற்றத்தை மறுபடியும் அளக்க வேண்டியிருந்தது. 0.8 வந்தது. இப்போது அறையின் பதிவேட்டில் தேதி, கதவு நிலை, விசிறி, காற்று மாற்று வீதம், ரேடான் என்ற பத்திகளோடு "போர்வெல் மோட்டார் ஓடிய நேரம்" என்று ஒரு பத்தியும் சேர்ந்திருக்கிறது. அதைக் காவலர்தான் எழுதி வைக்கிறார்; மோட்டார் போடுவது அவர் வேலை.